கொத்துச்சாவி யார் இடுப்பில்?

2025 செப்டம்பர் கடைசியில் வாட்ஸப் குழுக்களில் ஒரே பேச்சு: "எல்லாரும் அரட்டைக்கு வந்துடுங்க." ஜோஹோ நிறுவனம் 2021லேயே வெளியிட்டு, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்த செயலி அது. அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட கோபம் ஒரு பக்கம், சுதேசிப் பொருளை வாங்குங்கள் என்று மத்திய அமைச்சர்கள் சொன்னது இன்னொரு பக்கம். நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேர ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஜோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு எழுதினார். பேரும் தமிழ், ஊரும் தமிழ்நாடு.

ஆனால் அந்தச் சுதேசிச் செயலியை இறக்க நாம் போய் நின்றது கூகுளின் பிளே ஸ்டோர் வாசலில், இல்லையென்றால் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வாசலில். சாதாரண ஆளுக்கு மூன்றாவது வாசல் கிடையாது.

ஜோஹோவைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அவர்கள் செய்திருப்பது சின்ன வேலை இல்லை. இணையத்தை ஏதாவது ஒரு நாடு ஆள்கிறதா என்ற பழைய கேள்விக்கு இது நல்ல நுழைவாயில், அவ்வளவுதான். அந்தக் கேள்வி வந்தாலே, எல்லாம் அமெரிக்கா பிடியில் என்று ஒருவர் சொல்வார், இணையம் யாருக்கும் சொந்தமில்லை என்று இன்னொருவர் சொல்வார். ஆள்வது யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, தென்காசியிலிருந்து டொரன்டோவுக்குப் போகும் ஒரு செய்தியை வழியில் யார் யார் மறிக்க முடியும் என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் பிடிபடும். நான் பார்த்தவரையில், உலக நாடுகள் இருபது வருஷம் சண்டை போட்ட வாசலில் அமெரிக்காவின் பிடி நிஜமாகவே தளர்ந்துவிட்டது. யாரும் அவ்வளவாகச் சண்டை போடாத வாசல்களில்தான் இறுகிப்போயிருக்கிறது.

சண்டை நடந்த வாசல், பெயர்களின் வாசல். கணினிகளுக்குத் தெரிந்தது எண் முகவரி. நமக்குத் தெரிந்தது பெயர். பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துக்கொடுக்கிற அடுக்கடுக்கான அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றின் உச்சியில் உள்ளது வேர் அட்டவணை. டாட் காம் யாரிடம், டாட் இன் யாரிடம் என்று சொல்வது அதுதான். தமிழ் எழுத்திலேயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று மூன்று நாட்டுப் பெயர்கள் அதில் உண்டு; உள்ளே ரோமன் எழுத்துக் குறியீடாகத்தான் பதிந்திருக்கும். இவ்வளவு முக்கியமான அந்தக் கோப்பின் அளவு, நம் கைபேசியில் எடுக்கிற ஒரு படத்தின் அளவுகூட இருக்காது.

இதை ரொம்ப நாள் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் இருந்தவர், தாடிக்காரர். 1998 ஜனவரி 28 அன்று, அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் கணினிகளான வேர் சேவையகங்களை நடத்தும் 12 பேரில் எட்டுப் பேருக்கு மின்னஞ்சல் போட்டார். அரசு ஒப்பந்த நிறுவனத்தின் கணினியிலிருந்து இனி அட்டவணையை எடுக்க வேண்டாம், என் கணினியிலிருந்து எடுங்கள் என்றார். எட்டுப் பேரும் மறுபேச்சு இல்லாமல் அப்படியே செய்தார்கள். வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மேகசைனர் கூப்பிட்டுக் கேட்டபோது, சோதனைக்காகச் செய்தது என்று சொல்லிவிட்டு போஸ்டல் பழையபடி மாற்றினார். அதே வருஷம் அக்டோபரில் இறந்துபோனார். சாவி சட்டப்படி யாரிடம் இருந்தாலும், பூட்டைத் திறக்கிறவர்கள் யார் சொல்லைக் கேட்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று அந்த ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. வாஷிங்டன் அதை மறக்கவில்லை. ஐகேன் என்ற அமைப்பு அந்த வருஷமே கலிபோர்னியாவில் பதிவானது. அமெரிக்க வணிகத்துறையின் ஒப்பந்தத்தின் கீழ்தான் அது 2016 வரை இந்த அட்டவணையைக் கவனித்தது.

அமெரிக்க உளவு அமைப்பு உலக இணையத்தையே ஒட்டுக்கேட்கிறது என்று 2013ல் எட்வர்ட் ஸ்னோடன் ஆவணங்களோடு வெளியிட்ட பிறகு அந்த ஏற்பாடு நிற்கவில்லை. பிரேசில் அதிபர் டில்மா ரூசெஃப் ஐ.நா. சபையிலேயே போட்டு உடைத்தார். 2016 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசின் ஒப்பந்தம் முடிந்தது; அட்டவணை ஐகேன் கையிலேயே நின்றது. கடைசி நேரத்தில் டெக்சஸ் உட்பட நான்கு மாநிலங்கள் வழக்குப் போட்டுப் பார்த்தன, நீதிபதி கேட்கவில்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்றும் அமெரிக்காதான் தெரியும். வேர் சேவையகங்களுக்கு 13 பெயர்கள், நடத்துவோர் 12 பேர். அதில் ஒன்பது அமெரிக்காவில் இருப்பவை. நாசாவும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் அதில் அடக்கம். மிச்சம் மூன்று ஸ்வீடன், நெதர்லாந்து, ஜப்பான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க நகல்கள் இருக்கின்றன, மொத்தம் 1,500க்கும் மேல். சென்னையிலும் உண்டு. நம் கேள்வி அமெரிக்காவுக்குப் போகாமல் பக்கத்துத் தெருவிலேயே பதில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

அந்த அட்டவணையை யாரும் திருத்திவிடாமல் இருக்க ஒரு மின்கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்கு வருஷத்துக்கு நான்கு தடவை ஒரு சடங்கு நடக்கும். உண்மையிலேயே சடங்கு என்றுதான் பெயர். கலிபோர்னியாவின் எல் செகுண்டோ, வர்ஜீனியாவின் கல்பெப்பர் என இரண்டு ஊர்களில் மாறி மாறி. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஆட்களில் குறைந்தது மூன்று பேர் நேரில் வந்து பெட்டகத்தைத் திறந்து அட்டைகளை எடுத்தால்தான் இயந்திரம் வேலை செய்யும். எல்லாம் நேரலையில் ஓடும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம், கொட்டாவிதான் வரும். 2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் ஆட்கள் வந்து இறங்கியாயிற்று, பெட்டகம் திறக்க மாட்டேன் என்றுவிட்டது. பூட்டுக் கோளாறு. பூட்டுக்காரர் வந்து மணிக்கணக்கில் துளை போட்டுத் திறந்த பிறகு, சில நாள் கழித்துச் சடங்கு நடந்தது. உலகத்தின் இணையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை; பழைய கையெழுத்து காலாவதியாக இன்னும் நாள் இருந்தது.

இந்த வாசலின் உண்மையான பலம் 2022 மார்ச்சில் தெரிந்தது. போர் தொடங்கிய சில நாளில், ரஷ்யாவின் டாட் ஆர்யூ பெயரை வேர் அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று உக்ரைன் ஐகேனுக்குக் கடிதம் எழுதியது. கலிபோர்னியாவில் இருக்கும் அமைப்பு, அமெரிக்கா முழுக்க உக்ரைன் பக்கம் நின்ற நேரம். ஆனாலும் ஐகேன் மாட்டேன் என்றது. சரி, அது தர்மம் மட்டும்தானா? ஒரு நாட்டை ஒரு தடவை நீக்கிவிட்டால், அடுத்த நாளே பத்து நாடுகள் சொந்த அட்டவணை போட்டுக்கொள்ளும். அப்புறம் இந்த அட்டவணையை யார் மதிப்பார்கள்? பயன்படுத்தினால் கையில் இல்லாமல் போய்விடுகிற சாவி இது.

உச்சியிலிருந்து ஒரு படி கீழே இறங்கினால் கதை வேறு. டாட் காம் முழுவதையும் நடத்துவது வர்ஜீனியாவில் இருக்கும் வெரிசைன். அதனால் டாட் காம் பெயர் வைத்திருக்கிற யாரையும் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு தொடும். விளையாட்டு நேரலைகளுக்கு இணைப்புத் தந்த ரோஹாதிரெக்தா என்ற ஸ்பெயின் தளத்தை அந்த நாட்டு நீதிமன்றங்களே சட்டப்படி சரி என்று விட்டுவிட்டன. 2011ல் அமெரிக்கா அதன் பெயரைப் பறிமுதல் செய்து ஒன்றரை வருஷத்துக்கும் மேல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில் ஈரான் தொடர்பான 33 தளங்களின் பெயர்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்றான, ஈரான் அரசின் பிரஸ் டிவி அன்றைக்கே டாட் ஐஆருக்கு மாறிக்கொண்டது.

நீதிமன்றம்கூட வேண்டாம். 2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோவின் டாட் காம் பெயர் திடீரென்று மறைந்துபோனது. பெயரைப் பதிவு செய்து தந்திருந்த அமெரிக்க நிறுவனம், ஜோஹோ அஞ்சல் வழியாக மோசடி மின்னஞ்சல் வருகிறது என்ற புகார்களின் பேரில் பெயரை முடக்கிவிட்டது. வந்திருந்த புகார்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடிக்கணக்கான பயனர்கள் இருந்த நிறுவனம். சேவையகம் ஓடுகிறது, சென்னையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், மின்சாரம் இருக்கிறது; வாசலில் பெயர்ப்பலகை மட்டும் இல்லை. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்டு எழுத வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் பெயர் திரும்பியது. பிறகு ஜோஹோ தானே பெயர் பதிவு நிறுவனமாக மாறுவோம் என்றது. என்னைக் கேட்டால், இந்தியாவில் இணையச் சுயசார்பு பேசுகிற யாரும் வேர் சேவையகத்தைவிட இந்த ஒரு நாளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அடுத்தது பூட்டு. இணைய முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு தெரிந்தால் நம்புகிறோம். அந்தப் பூட்டுக்கு நற்சான்று தருகிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாரை நம்பலாம் என்ற பட்டியல் உலாவியிலும் இயங்குதளத்திலும் இருக்கிறது. அதை எழுதுவது கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா. நான்கும் அமெரிக்காவில். 2014ல் நம் தேசியத் தகவலியல் மையத்தின் கிளையிலிருந்து கூகுள் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானபோது, உலாவிக்காரர்கள் அவற்றை உடனே செல்லாதவையாக்கினார்கள். தவறு நம் பக்கம்தான். 2019ல் கஜகஸ்தான் அரசு, குடிமக்கள் எல்லாரும் அரசின் சான்றிதழைக் கைபேசியில் போட்டுக்கொள்ளச் சொன்னது. போட்டால் அரசு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கலாம். ஆகஸ்டில் கூகுள், மொசில்லா, ஆப்பிள் சேர்ந்து அந்தச் சான்றிதழையே முடக்கின. மூன்று அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து ஒரு நாட்டு அரசின் திட்டத்துக்குக் கதவடைத்தன, அந்த நாட்டு மக்களுக்கு அது பாதுகாப்பு. இதை ஆதிக்கம் என்பதா, காவல் என்பதா? எனக்கு இரண்டுமாகத்தான் தெரிகிறது.

இந்தியாவுக்கும் இந்தக் கணக்கு புரிந்திருக்கிறது. சொந்த உலாவிக்கு மத்திய அரசு 2023ல் ஒரு போட்டி வைத்தது. நம் சான்றிதழ்களை நம்புகிற உலாவியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025ல் வென்றது ஜோஹோ. அவர்களின் உலாவியின் பெயர் உலா, நல்ல பெயர். அதன் அடிக்கட்டுமானம் கூகுள் தொடங்கி நடத்தும் குரோமியம். திறந்த மூலம், அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது என்பதால் கூகுள் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அது நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் கூகுளின் பொறியாளர்கள்.

தென்காசியில் கிளம்பிய நம் செய்தி இப்போது கடலுக்கு வந்துவிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் போகிற தரவில் ஏறக்குறைய எல்லாமே கடலடிக் கேபிளில்தான் போகிறது, செயற்கைக்கோளில் இல்லை. கேபிள் போடத் தெரிந்த பெரிய நிறுவனங்கள் நான்குதான்: அமெரிக்காவின் சப்காம், பிரான்சின் ஆல்காடெல், ஜப்பானின் என்இசி, சீனாவின் எச்எம்என். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் போகும் 19,200 கிலோமீட்டர் கேபிளான சீ-மீ-வீ 6, சீன நிறுவனத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. அமெரிக்க அதிகாரிகள் வழியிலுள்ள நாடுகளின் தொலைபேசி நிறுவனங்களோடு பேசினார்கள், பயிற்சிக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள், 2021 கடைசியில் சீன நிறுவனத்தைத் தடைப்பட்டியலிலும் சேர்த்தார்கள். ஒப்பந்தம் சப்காமுக்கு வந்தது. அந்தக் கேபிள்தான் சென்னையிலும் கரையேறியிருக்கிறது.

ஆனால் கடலில் அமெரிக்காவைவிடப் பெரிய ஆள் நிலவியல். ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகும் கேபிள்கள் செங்கடலிலும் எகிப்திலும் ஒரே சந்துக்குள் நுழைகின்றன. 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்ட்ரியா பக்கத்தில் இரண்டு கேபிள்கள் அறுந்ததில் இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது; யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அடுத்த மாதமே இன்னொரு கூத்து. பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க, யூடியூப் முகவரிக்குப் போகும் வழி என்னிடம்தான் இருக்கிறது என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியே கசிந்தது. உலகத்தின் யூடியூப் போக்குவரத்து பாகிஸ்தானுக்குத் திரும்பி அங்கேயே புதைந்தது, இரண்டு மணி நேரத்துக்கு. இணையத்தின் வழித்தடங்கள் இன்றைக்கும் பெருமளவுக்கு ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்புவதில்தான் ஓடுகின்றன.

இறுகிய வாசல் என்று முதலில் சொன்னேனே, அது வாடகைக் கணினிகளின் வாசல். உலகம் வாடகைக்கு எடுக்கிற மேகக் கணினிகளுக்குத் தரும் பணத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றுக்கும் போகிறது. 2025 தீபாவளி அன்று மத்தியானம், நாம் இங்கே இலையில் உட்கார்ந்திருந்த நேரம், வர்ஜீனியாவில் அமேசானின் தானியங்கி நிரல் ஒன்று தன் உள் அட்டவணையில் ஒரு பெயர்ப் பதிவைக் காலியாக்கிவிட்டது. சிக்னலும் ஸ்னாப்சாட்டும் நின்றன. பிரிட்டனில் வங்கிகளும் வரித்துறைத் தளமும் தடுமாறின. லண்டனில் இருப்பவர் லண்டன் வங்கியில் பணம் பார்க்க வர்ஜீனியா நலமாக இருக்க வேண்டியிருக்கிறது.

அது விபத்து. விபத்து இல்லாத ஒன்று அதே வருஷம் ஜூலையில் நடந்தது. குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கிறது நயாரா எனர்ஜி. அதில் 49.13 சதவீதப் பங்கு ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ராஸ்நெஃப்டிடம். ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா மீது போட்ட 18ஆவது தடைத் தொகுப்பில் இந்த ஆலையின் பெயரும் வந்தது. சில நாளில் நயாரா ஊழியர்களின் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல், டீம்ஸ் எல்லாம் நின்றன. இந்தியாவில் பதிவான நிறுவனம், பணம் கட்டி வாங்கிய சேவை, இந்தியா ஒத்துக்கொள்ளாத தடை. தடை போட்டது ஐரோப்பா, இழுத்துப் பூட்டியது அமெரிக்க நிறுவனம். நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத்துக்கு ரீடிஃப் மின்னஞ்சலை எடுத்துக்கொண்டது. (நம்மில் பலருக்கு முதல் மின்னஞ்சல் முகவரி தந்த அதே ரீடிஃப்தான்.) மாத முடிவுக்குள் மைக்ரோசாஃப்ட் சேவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

டாட் ஆர்யூவையும் நயாராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர் நடக்கும்போது, கெஞ்சிக் கேட்டும், ரஷ்யாவின் பெயர் அட்டவணையில் இருந்தது. மூன்று வருஷம் கழித்து, குஜராத்தில் ஒரு குமாஸ்தாவின் மின்னஞ்சல் போய்விட்டது. முதல் முடிவை எடுத்தது, பல நாட்டு ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற, எல்லாரும் கண் வைத்திருக்கிற அமைப்பு. இரண்டாவது முடிவு ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குள் நடந்தது.

டொரன்டோவில் இருக்கிறவரின் கைபேசி டிங் என்று அடிப்பதும் இதே மாதிரிதான். செயலி யாருடையதாக இருந்தாலும், பூட்டிக் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனை எழுப்புவது பெரும்பாலும் கூகுளின் கணினி, ஐபோனை எழுப்புவது ஆப்பிளின் கணினி. அந்த அறிவிப்புகளின் விவரங்களை அரசாங்கங்கள் கேட்டு வாங்குகின்றன என்று 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் கடிதம் எழுதியபோதுதான் பலருக்கும் தெரியும்.

மற்ற நாடுகள் சும்மா இல்லை. 110 கோடி இணையப் பயனர்களை வைத்திருக்கும் சீனா, மதில் கட்டி உள்ளே தனி ஊரே வைத்துவிட்டது. ஆனால் மதிலுக்கு வெளியே அதன் சொல் செல்லாது. ஐரோப்பாவிடம் பெரிய நிறுவனங்கள் இல்லை, அபராதச் சீட்டு இருக்கிறது: 2023 மே மாதம் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ. தளத்துக்குத் தளம் குக்கீ அனுமதி கேட்டு நம் உயிரை எடுக்கும் பலகைகளும் ஐரோப்பியச் சட்டங்களின் கைங்கரியம்தான்.

இன்னொரு சாவியும் உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தத் தமிழக உள்துறை உத்தரவிட்டது. 2022 ஏப்ரல் 3 அன்று, போராட்டம் வலுத்த நேரத்தில், இலங்கை அரசு முகநூலையும் வாட்ஸப்பையும் அடைத்தது. அதற்கு வர்ஜீனியாவும் கலிபோர்னியாவும் தேவைப்படவில்லை. தன் குடிமக்களின் வீட்டுக் கதவை மட்டும் அடைக்க எந்த அரசாலும் முடியும். அமெரிக்காவின் கொத்து வேறு மாதிரி: அதன் கையில் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கதவுகளின் சாவி.

அந்த அமெரிக்காவே ஒரு சீனச் செயலியை வெளியே தள்ள நினைத்தபோது என்ன செய்தது? டிக்டாக் சட்டம் 2024 ஏப்ரலில் நிறைவேறி, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. வேர் அட்டவணையைத் தொடவில்லை, கேபிளை அறுக்கவில்லை, மதில் கட்டவில்லை. செயலியைக் கடையில் வைத்திருப்பவர்களுக்கும் அதற்குக் கணினி வாடகைக்குத் தருபவர்களுக்கும் ஒரு பயனருக்கு 5,000 டாலர் வரை அபராதம் என்று எழுதினார்கள். ஜனவரி 18 இரவு அமெரிக்காவில் டிக்டாக் ஓடுவது நின்றது, ஆப்பிளும் கூகுளும் அதை அமெரிக்கக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டன. பதவியேற்கவிருந்த புதிய அதிபர், சட்டத்தை இப்போதைக்கு அமல்படுத்த மாட்டோம் என்றதும் செயலி மறுநாளே ஓட ஆரம்பித்தது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் அது மறுபடி வந்தது பிப்ரவரி 13 அன்றுதான்.